தடை சேர்க்கையில் அன்று, கட்டணத்தில்

முறையான குடியேற்ற ஆவணங்கள் இல்லாத (ஆவணமற்ற) மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் சேரச் சட்டமே இடம் தருவதில்லை என்று அவர்களின் கல்வி பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது சரியன்று. 1982ஆம் ஆண்டு பிளைலர் எதிர் டோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவர்களுடைய பள்ளிக் கல்விக்கு மட்டுமே உறுதியளித்தது என்பது உண்மைதான். ஆயினும் அவர்களுடைய கல்லூரிச் சேர்க்கையைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. தென் கரோலினா போன்ற சில மாநிலங்களே தம் அரசுக் கல்லூரிகளின் கதவை அடைத்துள்ளன.

பெரும் தடை பணம். கூட்டாட்சி அரசின் உதவித்தொகையும் கல்விக் கடனும் இவர்களுக்குக் கிடையா. கைக்குழந்தையாக வந்து அதே ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரிடம் வெளிமாநிலத்தவருக்குரிய உயர்ந்த கட்டணத்தைக் கேட்டால், கூலி வேலை செய்யும் பெற்றோர் எங்கே போவார்கள்? இதனை உணர்ந்துதான் கலிபோர்னியா 2001இல் ஏபி 540 சட்டத்தை இயற்றி, குறைந்தது மூன்றாண்டுகள் அங்கே உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறியவர்களுக்கு குறைந்த உள்மாநிலக் கட்டணத்தைத் திறந்துவிட்டது. மாநில உதவித்தொகைக்கு அவர்கள் விண்ணப்பிக்கும் வழி 2011இல் வந்தது. அதே 2001இல் கலிபோர்னியாவுக்கும் முன்னதாக இத்தகைய சட்டத்தை நிறைவேற்றிய டெக்சாஸில், கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கால் 2025 ஜூனில் அச்சலுகை நிறுத்தப்பட்டது. மாநில அரசு எதிர்த்து வாதாடாமலே இணங்கியது எனக்கு வியப்பளிக்கவில்லை; படிப்பின் நடுவில் அச்சலுகையை இழந்த மாணவர்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூட எழுதாததே வியப்பு.

பள்ளி ஆலோசகர்கள் மாணவரின் குடியேற்ற நிலையைத் துருவாமல், மாநிலச் சலுகைகளையும் தனியார் உதவித்தொகைகளையும் வகுப்பிலுள்ள அனைவருக்கும் பொதுவாக, முன்கூட்டியே விளக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.