7-1-1, 1-7-1: ஜானி டக்ளஸ் என்ற கேப்டனின் கணக்கு

கேப்டன்களை வெற்றி சதவீதம் வைத்து எடைபோடும் சண்டை டைம்லைனில் வாரத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. அந்தச் சண்டைக்கு இறங்குகிறவர்கள் ஜே.டபிள்யூ.எச்.டி. டக்ளஸின் கணக்கை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு இறங்கினால் நல்லது.

1911 முதல் 1924 வரை 18 டெஸ்டுகளில் இங்கிலாந்து கேப்டன். 8 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. பார்த்தால் சுமாரான கேப்டன், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று தோன்றும். இப்போது அதையே இரண்டாகப் பிரியுங்கள். பவுலர் எஸ்.எஃப். பார்ன்ஸ் அணியில் இருந்த டெஸ்டுகள் 9: அதில் 7 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. பார்ன்ஸ் இல்லாத டெஸ்டுகளும் 9: அதில் 1 வெற்றி, 7 தோல்வி, 1 டிரா. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ். இவ்வளவு துல்லியமாக ஒரு பவுலரின் பெயர் எழுதப்பட்ட கேப்டன்சி ரெக்கார்டு வேறு யாருக்கும் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதை வைத்து "அப்போ டக்ளஸ் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் பார்ன்ஸ்தான்" என்று முடித்துவிடலாம். ஆனால் பார்ன்ஸ் இருந்தும் தோற்ற அந்த ஒரே ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1911-12 ஆஸ்திரேலியத் தொடருக்கு கேப்டனாகப் போனவர் டக்ளஸ் இல்லை, பெல்ஹாம் வார்னர். முதல் ஆட்டத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 151 அடித்தார், உடனே நோயில் படுத்தார், அந்தப் பயணத்தில் பிறகு ஆடவே இல்லை. பொறுப்பு டக்ளஸ் தலையில் விழுந்தது. சிட்னியில் முதல் டெஸ்ட். புதுப் பந்தை ஒரு முனையில் ஃபிராங்க் ஃபாஸ்டரிடம் கொடுத்தார். மறுமுனையில் தானே எடுத்துக்கொண்டார். உலகின் தலைசிறந்த பவுலர் பார்ன்ஸ் ஃபீல்டிங்கில் நின்றார். ஆஸ்திரேலியா 447. இங்கிலாந்து 146 ரன்னில் தோல்வி.

டக்ளஸ் மோசமான பவுலர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வலதுகை மித வேகம், பந்தை வெளியே கொண்டுபோகும் நல்ல அவுட்ஸ்விங். 1914இல் லார்ட்ஸில் ஜென்டில்மென் (அமெச்சூர்கள்) அணிக்காக பிளேயர்ஸுக்கு (புரொஃபஷனல்கள்) எதிராக ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்தவர். முதல்தர கிரிக்கெட்டில் மொத்தம் 1,893 விக்கெட், 24,531 ரன். எசெக்ஸ் மாதிரியான பலவீனமான கவுண்டிக்கு அவர்தான் முதல் பவுலர், அதனால் பந்தைத் தானே எடுப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. கவுண்டியில் சரியாக இருந்த பழக்கம் டெஸ்டில் தப்பாகிப்போனது.

ஏன் தப்பு என்றால், அன்று 80 ஓவருக்கு ஒரு புதுப் பந்து என்ற வசதி கிடையாது. 1907இல் வந்த விதிப்படி எதிரணி 200 ரன் அடித்த பிறகுதான் அடுத்த பந்து. முதல் பந்தை வீணடித்தால் அதற்கு விலை 200 ரன். பார்ன்ஸ் வெறும் ஸ்விங் பவுலராக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் வேகமாக ஓடிவந்து பந்தை விரல்களால் முறுக்கி விடுவார். காற்றில் ஒரு பக்கம் வளையும், தரையில் பட்டதும் மறுபக்கம் திரும்பும். அது பிடித்துத் திரும்ப வேண்டுமானால் தையல் எழும்பி நிற்க வேண்டும், தோல் கெட்டியாக இருக்க வேண்டும். டக்ளஸ் பத்துப் பன்னிரண்டு ஓவர் தேய்த்துவிட்டுக் கொடுத்த பந்தில் பார்ன்ஸுக்கு பாதி ஆயுதம்தான் மிச்சம்.

இன்னொன்று, முனைகளின் பொருத்தம். ஃபாஸ்டர் இடதுகை, ரவுண்ட் த விக்கெட். ஆஃப் பக்கமிருந்து கோணத்தில் உள்ளே வந்து லெக் ஸ்டம்பைத் தேடும் பந்து, லெக் பக்கம் நெருக்கமான ஃபீல்டர்கள். மறுமுனையில் பார்ன்ஸ் போட்டால் லெக்கில் பிட்ச் ஆகி ஆஃபுக்குத் திரும்பும், ஆட்டக்காரன் பந்தை விடவும் முடியாது. டக்ளஸின் அவுட்ஸ்விங்கரோ ஆஃபில் தொடங்கி இன்னும் வெளியே போகும். புது ஆட்டக்காரன் மட்டையைத் தூக்கி நிம்மதியாக விட்டுவிடலாம்.

பார்ன்ஸ் கோபப்பட்டார். அவருடன் பழகுவது எந்தக் கேப்டனுக்கும் சுலபமில்லை, அது வேறு கதை. அடுத்த டெஸ்ட் மெல்போர்ன், 1911 டிசம்பர் 30. புதுப் பந்து பார்ன்ஸ் கையில். தொடக்க ஐந்து ஓவரில் 1 ரன், 4 விக்கெட்: பார்ட்ஸ்லி, கெல்லவே, கிளெம் ஹில், ஆம்ஸ்ட்ராங். ஆஸ்திரேலியா 11க்கு 4, பிறகு 38க்கு 6. பார்ன்ஸ் நிதானமாக ஃபீல்டரை அங்கே இங்கே நகர்த்துவதைப் பார்த்து கூட்டம் கூச்சல் போட, மனிதர் பந்தைத் தரையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடங்கிய பிறகுதான் எடுத்தார். இங்கிலாந்து 8 விக்கெட்டில் வென்றது. அடுத்த மூன்றையும் வென்று தொடர் 4-1. பார்ன்ஸ் 34 விக்கெட், ஃபாஸ்டர் 32, ஹாப்ஸ் 662 ரன். ரோட்ஸும் ஹாப்ஸும் நான்காவது டெஸ்டில் முதல் விக்கெட்டுக்கு 323.

அந்த நான்காவது டெஸ்டில் டக்ளஸும் 46 ரன்னுக்கு 5 எடுத்தார். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் சிறந்த பந்துவீச்சு புதுப் பந்தை விட்டுக்கொடுத்த பிறகு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

என் கருத்து இதுதான்: ஒரு கேப்டனாக டக்ளஸ் செய்த மிகப் பெரிய வேலை, ஒரு தோல்விக்குப் பிறகு தன் கையிலிருந்த பந்தை இன்னொருவனுக்குக் கொடுத்தது. சின்ன விஷயமாகத் தெரியலாம். அவர் சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர், வசதியான மர வியாபாரியின் மகன். பார்ன்ஸ் கூலிக்கு ஆடும் புரொஃபஷனல். அந்த இரண்டு வகையினருக்கும் உடை மாற்றும் அறையே தனித்தனியாக இருந்த காலம் அது. இங்கிலாந்துக்கு ஒரு புரொஃபஷனல் முறைப்படி கேப்டனாக 1952 வரை, லென் ஹட்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1926இல் ஆர்தர் கார் நோயில் படுத்தபோது ஹாப்ஸ் நடுவில் பொறுப்பேற்றதோடு சரி. அப்படிப்பட்ட ஏணியில் மேலே நிற்பவன் ஒரே டெஸ்டில் தப்பை உணர்ந்து மாற்றிக்கொண்டான். இன்றைக்கும் ஒரு தொடர் முழுக்கத் தப்பான ஓப்பனரைப் பிடித்துத் தொங்கும் கேப்டன்களைப் பார்க்கிறோம்.

(ஒரு கிளைக்கதை. டக்ளஸ் குத்துச்சண்டைக்காரர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் தங்கம். ஆனால் அந்தத் தொடரில் நிஜமாகவே குத்துச்சண்டை போட்டவர் எதிரணி கேப்டன் கிளெம் ஹில். 1912 பிப்ரவரியில் சிட்னியில் தேர்வுக்குழுக் கூட்டத்தில் சக தேர்வாளர் பீட்டர் மெக்அலிஸ்டருடன் கைகலப்பு. ஆஸ்திரேலிய அணிக்குள் இருந்த இந்தப் புகைச்சலும் 4-1க்கு ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது.)

அந்த ஒலிம்பிக் தங்கத்தின் மீதும் ஒரு வதந்தி உண்டு: இறுதியில் ஆஸ்திரேலியர் ஸ்னோயி பேக்கரை வென்றபோது நடுவராக இருந்தவர் டக்ளஸின் அப்பா என்று. தவறு. அப்பா அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத் தலைவர், பதக்கம் கொடுத்தவர், அவ்வளவுதான். பேக்கரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அதே ஒலிம்பிக்கில் நீச்சலிலும் டைவிங்கிலும் கலந்துகொண்டவர். அப்பாவும் மகனும் கடைசிவரை சேர்ந்தேதான் இருந்தார்கள். 1930 டிசம்பர் 19 அன்று மரம் வாங்கிவிட்டு ஃபின்லாந்திலிருந்து திரும்பும்போது, டென்மார்க்கின் லேசோ தீவுப் பக்கம் மூடுபனியில் ஓபரான் கப்பல் அதே கம்பெனியின் ஆர்க்டரஸ் கப்பலோடு மோதி மூழ்கியது. இரண்டு கப்பல்களின் கேப்டன்களும் அண்ணன் தம்பிகள். டக்ளஸும் அப்பாவும் அதில் இறந்துபோனார்கள். டக்ளஸுக்கு வயது 48.

கணக்குக்குத் திரும்புவோம். 1913-14 தென்னாப்பிரிக்கா. மேட்டிங் பிட்ச் (புல்லுக்குப் பதில் பாய் விரித்த ஆடுகளம்), பார்ன்ஸ் போன்றவருக்கு விருந்து. நான்கே டெஸ்டில் 49 விக்கெட். ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் 159க்கு 17. டர்பனில் டக்ளஸ் 119 அடித்தார், அவருடைய ஒரே டெஸ்ட் சதம். தொடர் 4-0. போர்ட் எலிசபெத்தில் நடந்த கடைசி டெஸ்டில் பார்ன்ஸ் ஆடவில்லை, ஆனாலும் 10 விக்கெட் வெற்றி. பார்ன்ஸ் இல்லாமல் டக்ளஸ் வென்ற ஒரே டெஸ்ட் அது. அதில் ஆடிய மேஜர் பூத் (மேஜர் என்பது பெயர், ராணுவப் பதவி இல்லை) 1916 ஜூலை 1 அன்று சோம் போர்முனையில் இறந்தார். இன்னொரு இங்கிலாந்து பவுலர் கொலின் பிளைத் 1917இல் பாஸ்ஷண்டேல் போர்முனையில். ஃபாஸ்டர் 1915இல் மோட்டார்சைக்கிள் விபத்தில் காலில் காயப்பட்டு முதல்தர ஆட்டத்தையே விட்டார். பார்ன்ஸுக்கு 1920இல் வயது 47.

ஆக 1920-21இல் டக்ளஸ் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போன பெட்டியில் என்ன இருந்தது? இடதுகை ஸ்பின்னர் ரோட்ஸுக்குத் தொடர் முழுக்க 4 விக்கெட்தான். அதிக விக்கெட் எடுத்த பார்க்கினுக்கே 16. எதிரில் லெக் ஸ்பின்னர் ஆர்தர் மெய்லிக்கு 36, கிரெகரிக்கு 23. 5-0. ஐந்து டெஸ்ட் கொண்ட ஆஷஸ் தொடரில் ஓர் அணி எல்லாவற்றையும் தோற்றது அதுவே முதல் முறை. அன்று ஆஸ்திரேலியாவில் டெஸ்டுகளுக்கு நாள் கணக்குக் கிடையாது, முடிவு வரும்வரை ஆட்டம். மழையோ நேரமோ காப்பாற்றாது, பலவீனமான அணிக்கு டிரா என்ற சந்தே இல்லை. 5-0க்கு அதுவும் ஒரு காரணம்.

டக்ளஸ் மேல் நியாயமான குற்றச்சாட்டு ஒன்று: லெக் ஸ்பின் போடும் பெர்சி ஃபெண்டரை முதல் இரண்டு டெஸ்டில் உட்கார வைத்தார். மூன்றாவதிலிருந்து ஆடிய ஃபெண்டர் 12 விக்கெட் எடுத்தார், இரண்டு முறை ஐந்து. எதிரணி லெக் ஸ்பின்னில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது தன்னிடமிருந்த லெக் ஸ்பின்னரைப் பார்க்காதது தப்புதான். ஆனால் முதல் நாளே ஆட வைத்திருந்தால் 5-0 என்பது 4-1 ஆகியிருக்கலாம், அதற்கு மேல் நான் நம்பவில்லை.

அவரைக் கேலி செய்யப் பயன்பட்டது மந்தமான ஆட்டம். பெயரின் நான்கு முதலெழுத்துகளை வைத்து ஆஸ்திரேலிய ரசிகர்கள் 'ஜானி வோன்ட் ஹிட் டுடே' என்று கத்தினார்கள், ஜானி இன்னிக்கு அடிக்க மாட்டான் என்று. நாள் கணக்கில்லாத டெஸ்டில் மெதுவாக ஆடுவதில் எந்தத் தப்பும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

மெய்லி சொன்ன ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. மெய்லியின் விரலில் பிடிப்புக்காகத் தேய்த்த ரெசின் (பிசின்) இருப்பதை டக்ளஸ் கண்டுபிடித்து, விதிமீறல் என்று கேட்டார். மெய்லி பதிலுக்கு டக்ளஸின் கட்டைவிரலைக் காட்டினார். பந்தின் தையலைத் தூக்கித் தூக்கி நகம் தேய்ந்து கிடந்தது. விஷயம் அதோடு முடிந்தது.

1921இல் இங்கிலாந்தில் மூன்று நாள் டெஸ்ட்கள். டிரென்ட் பிரிட்ஜில் வேகப்பந்து வீச்சாளர்கள் கிரெகரியும் மெக்டொனால்டும் இங்கிலாந்தை 112, 147 என்று சுருட்ட, இரண்டே நாளில் 10 விக்கெட் தோல்வி. லார்ட்ஸில் 8 விக்கெட் தோல்வி. தேர்வாளர்கள் கேப்டனை மாற்றி லயனல் டென்னிசனைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடரில் இங்கிலாந்து மொத்தம் 30 பேரை ஆடவைத்தது, கேப்டன் மட்டும்தான் பிரச்சினை என்றால் இத்தனை பேரை மாற்றியிருக்க வேண்டாம். ஹெடிங்லியில் டென்னிசன் கை கிழிந்த நிலையில் கிட்டத்தட்ட ஒரே கையால் 63 அடித்தார், சரியாகவே இன்றும் பேசப்படுகிறது. அதே இன்னிங்ஸில் பதவி பறிபோன டக்ளஸ், டென்னிசனுக்குக் கீழே சாதாரண ஆட்டக்காரராக இறங்கி 75. இங்கிலாந்து 219 ரன்னில் தோற்றது. அந்தத் தோல்வி டென்னிசன் கணக்கில் ஏறியது.