ஒரு பையனுக்காக இரண்டு முறை போனவர்

அமெரிக்கக் கறுப்பினப் பெண் சிற்பி அகஸ்டா சாவேஜ் என்றாலே எல்லோரும் ஒரு சிற்பத்தை இடித்த கதையைத்தான் சொல்கிறார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் செய்த 'யாழ்' சிற்பம். 16 அடி உயரம். 12 கறுப்பினப் பாடகர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுடைய நீண்ட அங்கியின் மடிப்புகளே நரம்புகள். பிளாஸ்டரில் செய்தது. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை, எடுத்து வைக்க இடமில்லை. கண்காட்சி முடிந்ததும் உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

வயிறு எரிகிற கதைதான். ஆனால் எனக்கு இதைவிட ஆத்திரம் வருவது வேறொன்றில். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியின் சமூகக் கலை மையத்துக்கு முதல் இயக்குநர் அவர். 'யாழ்' செய்வதற்காக விடுப்பில் போய்த் திரும்பியபோது, அந்த வேலையில் வேறொருவர் இருந்தார். சிற்பமும் போச்சு, வேலையும் போச்சு.

அவர் பட்டது கொஞ்சமா? 1892இல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். களிமண்ணில் பொம்மை பிடித்ததற்கே, போதகரான அப்பாவிடம் அடி வாங்கியவர். 1923இல் பிரான்சில் நடக்கவிருந்த கோடைக்காலக் கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதற்காகவே அமெரிக்கத் தேர்வுக்குழு இடம் தர மறுத்தது. அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, பத்திரிகைகள் வரை கொண்டுபோனார். பாரிஸ் போகக் கடைசியில் வழி செய்தது 'காமின்' என்ற, தெருப்பையன் ஒருவனின் மார்பளவுச் சிற்பம்.

திரும்பி வந்து ஹார்லெமில் கலைக்கூடம் தொடங்கிச் சொல்லிக்கொடுத்தார். பாடம் நடத்துவதிலேயே காலம் போய்விட்டது, இல்லையென்றால் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அவர் கையைக் கட்டிப்போட்டது காசில்லாமை, நிறவெறி. அவரிடம் படித்த பிள்ளைகள் அல்ல.

ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞரை, ஓவியர்களுக்குச் சம்பளம் தரும் அரசுத் திட்டத்தில் சேர்க்க அழைத்துப் போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதோடு அதை மறந்தே போனார். இவர் மறக்கவில்லை. 21 வயது ஆனதும் மறுபடியும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்காத வாத்தியார்! அந்தப் பையன் சாப்பிட வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும் என்பதும் அவர் கவலை. அவர் விடாப்பிடியாக நிற்காவிட்டால் தான் ஓவியனாகியே இருக்க முடியாது என்று லாரன்ஸ் பின்னாளில் சொன்னார்.

தென் மாநிலங்களிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்த கறுப்பின மக்களைப் பற்றி லாரன்ஸ் வரைந்த 60 படங்கள் இன்று வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இரண்டு அருங்காட்சியகங்களில் பாதிப் பாதியாக இருக்கின்றன. வரைந்து முடித்தபோது அவருக்கு வயது 23.