கிளவுஸைக் கழற்றச் சொல்லும் ஆப்

கம்பத்தில் செய்யும் வேலையின் போட்டோவை ஆப்பில் ஏற்றவில்லை, அலட்சியம் என்று ஒரு லைன்மேனுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நேற்றிலிருந்து ஆளாளுக்கு எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "போட்டோ ஏற்றாதது ஒழுங்கீனம்தானே?" "இவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்." எழுதியவர்களில் ஒருவராவது ரப்பர் கிளவுஸ் மாட்டிய கையால் போனைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

தொட்டுப் பாருங்கள், அசையாது. விரல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நம்பித்தான் டச் ஸ்கிரீன் இயங்குகிறது. லைன்மேனின் கிளவுஸ், மின்சாரத்தைக் கடத்தவே கூடாது என்று செய்யப்பட்டது. 1,000 வோல்ட் வரைக்கும் கிளாஸ் 0 என்ற வகை ரப்பர் கிளவுஸ். ரப்பர் கிழியாமலிருக்க அதன்மேல் தோல் கிளவுஸ் வேறு. உயிரைக் காப்பதைக் கழற்றினால்தான் ஆப் அடுத்த பக்கத்துக்குப் போகும். இதில் ஒழுங்கீனம் யாருடையது?

"இறங்கி வந்து ஏற்றலாமே" என்கிறார் ஒருவர். வேலைக்கு முன், நடுவில், முடித்த பின் என்று மூன்று போட்டோ கேட்கிறது அந்த ஆப். நடுவில் உள்ளதை ஏற்றாமல் அடுத்தது திறக்காது. வேலையின் நடுவில் ஆள் எங்கே இருப்பார்? கம்பத்தின் மேலே.

ஆளைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கருவி ஆளைப் பார்க்காமலே செய்யப்பட்டது.

நானும் கம்பம் ஏறியவன். ஒரு மழை ராத்திரி, ஃபீடர் டிரிப், அதாவது ஏரியாவுக்குக் கரண்ட் கொண்டுவரும் லைன் தானாகத் துண்டித்துக்கொண்டது. ஸ்கிரீனில் விழுந்த ஒவ்வொரு துளியையும் போன் விரல் என்று எடுத்துக்கொண்டு தானாகவே எதையோ அழுத்தியது. போனில் சிக்னல் போனதும் அதுவரை நிரப்பியது மொத்தமும் அழிந்தது. என்னோடு இருந்த மூத்த அண்ணன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து பென்சிலால் குறித்துக்கொண்டார். எந்த டிரான்ஸ்ஃபார்மர், எந்த ஃபேஸில் ஃபியூஸ் போனது, லைனை ஆஃப் செய்தாலும் எந்த வீட்டு ஜெனரேட்டர் திருப்பிக் கரண்ட் அனுப்பும். புதிதாக வந்த எங்களை உயிரோடு வைத்திருந்தது அந்த நோட்டுதான். அலுவலகத்தில் அதைப் பழைய பழக்கம் என்றார்கள். அவர்கள் கொடுத்த ஆப்பில் ஜெனரேட்டரைக் குறிக்க ஓர் இடமே இல்லை. வந்த நேரம், போன நேரம், செல்ஃபி, இவற்றுக்கெல்லாம் இடம் இருந்தது. அலுவலகத்துக்குத் தேவையானதை எங்களிடம் கேட்டார்கள். எங்களுக்குத் தேவையானதைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆதாரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பொய்க்கணக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆப்பில் பச்சை டிக் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டதாகக் காட்டியது. மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான் அந்த விளக்கு அறியும், வால்வு நிஜமாக மூடியதா என்பதை அறியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. நம் ஆப்பில் "லைன் ஆஃப்" என்று வரும் டிக்கும் அப்படித்தான். யாரோ ஒருவர் பட்டனை அழுத்தினார் என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்ட பிறகுதான் அதைத் தொடலாம். இதைச் செய்தாயா என்று கேட்க அந்த ஆப்பில் ஒரு வரி உண்டா?

"இளைஞர்கள் சமாளிக்கிறார்களே?" எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டீர்களா? சிலர் கிளவுஸைக் கழற்றுகிறார்கள். சிலர் பழைய போட்டோவை ஏற்றுகிறார்கள். அதையெல்லாம் சேர்த்து கிராஃப் போட்டு மீட்டிங்கில் காட்டுகிறீர்கள்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. 1947-இலேயே ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் "விமானியின் தவறு" என்று பெயர் வாங்கிய 460 சம்பவங்களை ஆராய்ந்து, பலவற்றுக்குக் காரணம் விமானத்தின் கைப்பிடிகளும் சுவிட்சுகளும் அமைந்த விதம்தான் என்று காட்டிவிட்டார்கள். பயன்படுத்துகிறவரைக் கூடவே வைத்துக்கொண்டு கருவியை வடிவமைக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 9241-210 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது. செலவாகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். சிகிச்சைக்கு ஆகும் செலவை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எங்களை எந்த மீட்டிங்குக்கும் கூப்பிட்டதில்லை. எல்லாம் முடிந்த பிறகு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், ஏசி ஹாலில், வெறுங்கையோடு. வெயிலில் ஸ்கிரீன் தெரியாதே என்று அன்றைக்கே எழுந்து கேட்டேன். பிரைட்னஸைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். அந்த ஹாலில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்குத்தான் இப்போது அலட்சியம் என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள்.