காரங்காட்டில் படகைவிட்டு இறங்காதீர்கள்

காரங்காடு அலையாத்திக் (மாங்குரோவ்) காட்டுக்குப் போய்வந்தவர்கள் போடும் படங்களை ஆசையோடு பார்க்கிறேன். ராமநாதபுரம் என்றாலே வறட்சியும் கருவேலமும்தான் என்று நினைத்திருந்தவர்கள், இன்று தொண்டிப் பக்கம் பச்சைக் காட்டுக்குள் படகில் போகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் சில படங்கள் வயிற்றைக் கலக்குகின்றன. ஒருவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறார். இன்னொருவர் செல்ஃபிக்காகச் சேற்றில் இறங்கி நிற்கிறார்.

"முழங்கால் தண்ணிதானே" என்று சொல்லாதீர்கள். காரங்காட்டை ஒட்டிய பாக் விரிகுடா பெரிய அலை இல்லாத, ஆழம் குறைந்த கடல். அதை நம்பித்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். தண்ணீர் முழங்கால்தான், அடியில் சேறு எத்தனை அடி என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடம் அது. ஆற்று வண்டலும் கடல் சேறும் கலந்த உளை. கால் புதைந்தால் வேகமாக இழுக்க இழுக்க மற்றக் காலும் உள்ளே போகும். அப்படி மாட்டினால் பதறாமல் பின்பக்கமாகச் சாய்ந்து உடம்பின் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். உதவிக்கு வருகிறவரும் சேற்றில் குதிக்காமல் படகிலிருந்தே பலகையோ துடுப்போ நீட்ட வேண்டும்.

சேற்றிலிருந்து ஈட்டி போல நிமிர்ந்து நிற்பவை அலையாத்தியின் மூச்சு வேர்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. மிதித்தால் மரத்துக்கும் கேடு, உங்கள் பாதத்துக்கும் கேடு. வேரில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும். கலங்கிய தண்ணீரில் திருக்கை படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், வலி குறையும். அப்புறம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படகுக்குள் இன்னொரு ஆபத்து உண்டு. கூழைக்கடாவோ நாரையோ தெரிந்ததும் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வது. 2009இல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பலர் குழந்தைகள். இரண்டுமே அலையடிக்கும் நடுக்கடலில் நடக்கவில்லை. ஆகவே லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிடாமல் பெல்ட்டை இறுக்கிப் பூட்டுங்கள். குழந்தைக்குப் பெரியவர்கள் அளவு ஆகாது, நழுவிவிடும். சின்ன அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குழந்தையைப் படகில் ஏற்றாதீர்கள்.

ஒருமுறை என் பக்கத்தில் ஒரு குடும்பத்திடம் படகுக்காரர், "சட்டையப் பூட்டுங்கண்ணே, இல்லாட்டி நான் படக எடுக்க மாட்டேன்" என்றார். அவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர் மீது மரியாதை கூடியது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் வாடைக்காலம், அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காரங்காட்டில் வெயில் அடித்தாலும், மேற்கே சிவகங்கைப் பக்கம் பெய்த மழை கண்மாய்களை நிரப்பி ஆற்றில் இறங்கி வரும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடலோரக் காவல் உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

காற்று சரியில்லை என்று படகுக்காரர் மறுத்தால் அன்றைய வருமானம் அவருக்கும் போகிறது. அப்படியும் மறுக்கிறார் என்றால் காரணம் இருக்கும். கூடுதல் பணம் தருகிறேன் என்று தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கரையில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். காடு அங்கேதான் இருக்கும், தை மாதம் வாருங்கள்.