பச்சைக் கோடு நகருது... நகருது... நகர்ந்துக்கிட்டே இருக்கு

ஒரு போட்டோங்க. பெரியப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் அடிக்கணும், அவர் இளவட்டமா புல்லட்ல உக்காந்திருக்கிற படம் வேணும்னு பெரியம்மா கேட்டாங்க. படம் எங்க வீட்டு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. போல்டரைத் திறந்தேன். மேல, எவ்வளவு லோடு ஆச்சுன்னு காட்டுற பச்சைக் கோடு கிளம்பிச்சு.

அந்தக் கோட்டோட குணம் உங்களுக்கே தெரியும். முக்கால் தூரம் ஜம்முன்னு ஓடும். அப்புறம் நடைபயணம். அப்புறம் தியானம். கீழே கட்டம் கட்டமா சாம்பல் பெட்டிங்க. ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு பெட்டி கண்ணைத் திறந்துச்சு. பெரியப்பாவான்னு பாத்தா, குடும்ப குரூப்ல வந்த குட் மார்னிங் ரோஜாப்பூ! பனித்துளியோட!

அதுக்குள்ள போன். "என்னடா தம்பி, கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, ஒரு போட்டோ எடுக்க இவ்வளவு நேரமா?" பெரியம்மா, நான் படிச்சது சிவில். பாலம் கட்டச் சொல்லுங்க, கட்டுறேன்.

கொஞ்சம் கீழ ஸ்க்ரோல் பண்ணேன். பச்சைக் கோடு முதல்ல இருந்து. மேல வந்தேன். வரைஞ்சு முடிச்ச ரோஜாவையும் அழிச்சுட்டு திரும்ப முதல்ல இருந்து. திரையெல்லாம் வெள்ளை பூத்து, தலைப்புல 'நாட் ரெஸ்பாண்டிங்'. டாஸ்க் மேனேஜரைப் பாத்தா டிஸ்க் 100 சதவீதம். என்னடா பண்றேன்னு பாத்தா, போட்டோ ஆப் ஐயா பின்னாடி உக்காந்து முகங்களை அடையாளம் கண்டுபிடிச்சிட்டு இருக்கார். நான் கேட்டேனா? கண்டுபிடிச்சதாவது உருப்படியா? பெரியப்பா படத்தையும் எங்க ஊர் அய்யனார் சிலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 'இவர்கள் இருவரும் ஒருவரா?'ன்னு ஒரு கேள்வி. மீசையைப் பாத்து முடிவு பண்ணியிருக்கு.

அந்த போல்டருக்குள்ள என்னதான் இருக்குன்னு கேக்குறீங்களா? என்ன இல்லைன்னு கேளுங்க. தாத்தா ஆல்பத்தை மச்சான் 600 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வச்சு ஸ்கேன் பண்ணி டிஃப் ஃபைலா வச்சிருக்கான். ஏ4 சைஸ் ஒரு பக்கம், அமுக்காம வச்சா 100 எம்பி தாண்டும். தாத்தாவோட சட்டை நூலை எண்ணுறதுக்கா? தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் "எல்லாத்தையும் குடுத்துடறேண்ணே"ன்னு பாசமா, கேமரா பிடிச்சதை அப்படியே பச்சையா வச்சிருக்கிற ரா ஃபைலையும் சேத்துக் கொட்டிட்டுப் போயிட்டாரு. ஒவ்வொண்ணும் 25 எம்பி. தாலி கட்டினது ஒரு தடவை, படம் மட்டும் ஒரு கூடை. பழைய பட்டன் போன்ல எடுத்த, 3GPங்கிற ஃபார்மட் வீடியோ வேற, தீப்பெட்டி சைஸ்ல.

இதுல ஜேபெக் ஒண்ணுதான் நல்ல மனுஷன். 1992ல வந்தது. கேமரால எடுத்த ஜேபெக்னா பெரும்பாலும் உள்ளயே 160க்கு 120 சைஸ்ல ஒரு குட்டிப் படத்தை மடிச்சு வச்சிருக்கும். அதை எடுத்துக் காட்டினா வேலை முடிஞ்சுது.

அடுத்தது இருக்கே, ஹெச்ஈஐசி, மச்சான் போன் போட்டோ சேமிக்கிற ஃபார்மட். இடத்தைப் பாதியா மிச்சம் பிடிக்குதாம். பிடிக்கட்டும். ஆனா மச்சான் போன் 12 மெகாபிக்சல் படத்தை 512க்கு 512 துண்டா நறுக்கி, மொத்தம் 48 துண்டா சுருட்டி வைக்குது. அத்தனையும் பிரிச்சு ஒட்டிக் காட்டணும்னா என் பழைய பிராசசருக்கு மூச்சு வாங்குது. அதுவும் சும்மா பிரிச்சுட முடியாது. உள்ள இருக்கிற ஹெச்ஈவிசி சுருக்கு முறைக்கு பேட்டன்ட் கோஷ்டிங்க ஒண்ணுக்கு மேல இருக்கு, அதனால அதைப் பிரிச்சுக் காட்டுற மென்பொருளை, கோடெக்கை, தனியா காசு குடுத்து வாங்குன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. எங்க பெரியப்பா மூஞ்சியை எங்க வீட்டுல உக்காந்து பாக்க நான் யாருக்கோ ராயல்டி கட்டணும்!

சரி, தேதி வாரியா அடுக்கித் தேடலாம்னா, ஸ்கேன் பண்ண தாத்தா 2019ல இருக்கார், பேரன் மொட்டை அடிச்சதுக்கு அப்புறம். குரூப்ல இருந்து வந்த படங்களுக்கு எடுத்த தேதியே கிடையாது, எல்லாம் டவுன்லோடு ஆன நாள்ல கும்பலா நிக்குது. நம்ம குடும்பத்துல எல்லாரும் ஒரே நாள்ல பொறந்து, ஒரே நாள்ல காதுகுத்தி, ஒரே நாள்ல வேளாங்கண்ணி போயிட்டு வந்திருக்கோம்.

நண்பன் ஒருத்தன்கிட்ட புலம்பினேன். "தம்ப்நெயில் கேஷை அழிச்சுப் பாரு மச்சி." அழிச்சா என்ன ஆகும்? அதுவரைக்கும் முக்கி முக்கி வரைஞ்சு வச்சிருந்த குட்டிப் படமெல்லாம் போச்சு, மறுபடி சாம்பல் பெட்டி. அப்புறம் சாவகாசமா சொல்றான், "ஹார்ட் டிஸ்க்கா வச்சிருக்க? எஸ்எஸ்டி போட்டுடு, பறக்கும்." தெரியும்டா. நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற தட்டு மேல ஊசி அங்கயும் இங்கயும் ஓடி ஒவ்வொரு ஃபைலா பொறுக்கினா இப்படித்தான் ஆகும்னு எனக்கும் தெரியும். மாசக் கடைசில எஸ்எஸ்டியை நீ வாங்கித் தர்றியா?

ஒருவழியா கிடைச்சுது. ஆல்பத்துல இருந்த படத்தை யாரோ போன்ல எடுத்தது. என்ன ஃபார்மட்? அதே ஹெச்ஈஐசிதான். அப்படியே பேனர் கடைக்கு அனுப்பினேன். "அண்ணே, ஓப்பன் ஆகல. ஜேபெக்கா மாத்தி அனுப்புங்கண்ணே." அவர் வச்சிருக்கிறது போட்டோஷாப் 7. அது வந்தது 2002ல, இந்த ஃபார்மட் வந்தது 2015ல. அவரையும் குத்தம் சொல்ல முடியல. மாத்தினேன், அனுப்பினேன். "அண்ணே, குவாலிட்டி போச்சு. போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க." டாக்குமெண்டா அனுப்பினேன். பதில் இல்லை. கூப்பிட்டேன்.

"அது அடிச்சாச்சேண்ணே. பெரியம்மா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாங்கல்ல?"

யாரோட ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்தாங்களோ தெரியல. மண்டப வாசல்ல போய்ப் பாக்குறேன், பத்தடிக்கு எட்டடி பேனர். பெரியப்பா புல்லட்ல கம்பீரமா உக்காந்திருக்கார். முகம் கட்டம் கட்டமா இருக்கு. தலைக்கு மேல பேட்டரி 14 சதவீதம்.

சிரிச்சேன். அழுதா நல்லா இருக்காதேன்னு சிரிச்சேன். பெரியப்பாவும் பக்கத்துல நின்னு "சூப்பரா இருக்குல்ல?"ங்கிறார்.

அதைக்கூட மன்னிச்சுடுவேன். மூணாவது பந்தில உக்காந்த எனக்கு வடை தீந்து போச்சுன்னு சொன்னான் பாருங்க பரிமாறுற ஆளு, அதை மன்னிக்கவே மாட்டேன். வாளில வடை இருந்துச்சுங்க. நான் பாத்தேன்.