முப்பது வருசம் எனக்குப் பிடிக்காத இசை

மூன்று மாதமாக ஒரே இசைத் தொகுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் தலவாக்கலை பஸ்சில், பின்னேரம் திரும்பி வரும்போது, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்தது. படத்துக்காகச் செய்ததில்லை, முழுக்க வாத்திய இசை. “இதை இப்போதுதான் கேட்கிறீர்களா?” என்று இரண்டு நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். முதல் தடவை கேட்டது 1994இல். அப்போது பிடிக்கவேயில்லை. பிடிக்காமலே முப்பது வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் இத்தனை காலம் ஒதுக்கிவைத்தது அந்த இசையின் கெட்டுப்போன ஒரு நகலை என்று இப்போதுதான் விளங்கியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் மாமா கொழும்பில் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வரும்போது துணிமணியோடு இரண்டு மூன்று கசெட்டும் கொண்டுவருவார். கடையில் விற்கும் அசல் கசெட் வாங்க யாரிடம் காசு இருந்தது? ரெக்கோடிங் பாரில் பாட்டு எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கசெட்டில் அடித்துத் தருவார்கள். அந்த வருசம் கொண்டுவந்த தொண்ணூறு நிமிசக் கசெட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சினிமாப் பாட்டு. மறுபக்கத்துக்குப் பாட்டு போதவில்லை என்று கடைக்காரரே தன் விருப்பத்துக்கு இந்த வயலின் இசையை அடித்துக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு அதில் ஒரு பெருமை. “ராஜா சார் வெள்ளைக்காரன் இசையை நம்ம இசையோட சேத்து அடிச்சிருக்காராம்டா” என்று சொல்லிப் போட்டுவிட்டார்.

நான் கேட்டது ஒரு இரைச்சல். கொழுந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு போவதுபோல ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், அதற்கு அடியில் எங்கோ ஒரு வயலின் முனகுகிறது. எங்கள் கசெட் செட்டின் பெல்ட் தளர்ந்திருந்ததால் நீண்ட ஸ்வரங்கள் எல்லாம் நெளிந்தன. ஐந்து நிமிசத்தில் கசெட்டைத் திருப்பிப் பாட்டுப் பக்கத்தைப் போட்டேன். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். வயலின் என்றாலே தூக்கம் வரும் இசை என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, அப்படியே கிடந்துவிட்டது.

கசெட் என்பது எவ்வளவு சின்ன இடத்தில் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நாடாவின் அகலமே 3.81 மில்லிமீற்றர். அந்த அகலத்துக்குள் நான்கு பாதைகள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. அது செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் நகர்கிறது. ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் பழைய நாடாவின் இரைச்சலோடு புதிய நாடாவின் இரைச்சலும் சேரும். எங்களுக்கு வந்தது நகலின் நகல், அதற்கும் நகலோ என்னவோ. இதோடு எங்கள் ஊர் ஈரம் வேறு. டிக்கோயா, பொகவந்தலாவ பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலுமாரியில் வைத்த சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும். கசெட் நாடாவிலும் வெள்ளையாகப் படியும்.

அப்புறம் மழை. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தென்மேற்குப் பருவம் தொடங்கினால் தகரக் கூரையின் கீழ் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் முன்வாசல் இஸ்தோப்பில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்காது. அந்த மழைக்கு மேலாகக் கேட்கக்கூடிய இசைதான் எங்களுக்கு இசை. உரத்த குரல், உரத்த தாளம். மெதுவாகத் தொடங்கி மெதுவாக அடங்கும் எதுவும் அந்தக் கூரைக்குக் கீழ் வாழ முடியாது. நாங்கள் ரசனை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தகரத்தில் மழை விழும் வீட்டில் உட்கார்ந்து அவர்கள் ஒரு தடவை வயலின் கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அக்காவின் மகன் கொழும்பில் இருக்கிறான். பழைய இறுவட்டுகள் சேர்ப்பது அவன் பழக்கம். யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன ஒரு பெட்டியில் இதன் சீடி கிடைத்திருக்கிறது. அதை ஒரு துளியும் குறைக்காமல் கணினியில் ஏற்றி, ஃபிளாக் கோப்பாக என் போனில் போட்டுத் தந்தான். கூடவே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய வயர் வைத்த ஹெட்போன் ஒன்று. “மாமா, புளூடூத்தில கேக்காதீங்க, இதுல கேளுங்க” என்று கண்டிப்பாகச் சொன்னான். வயலின் என்றதும் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பிள்ளை ஆசையாகத் தந்தானே என்று வாங்கி வைத்தேன்.

ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. மழை இல்லை. கொட்டகலையில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்கு சீலிங் அடித்திருக்கிறோம், அதனால் பனி சொட்டும் சத்தம்கூட உள்ளே வராது. பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு துண்டு. ஜெர்மன்காரர் பாக், தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிடா என்ற இசைத் தொடரின் முன்னிசையைத்தான் ராஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். 1720ஆம் ஆண்டு என்று பாக் தன் கையாலேயே எழுதிவைத்த தொகுதியில் இருப்பது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில், மூச்சு விடாமல் ஓடும் இசை. அதில் ஒரு இடம் வரும். ஒரே ஸ்வரத்தை வில் இரண்டு கம்பிகளில் மாறி மாறித் தொடும், ஒரு கம்பி திறந்தபடி, மற்றது விரலால் அழுத்தியபடி. ஸ்வரம் ஒன்றுதான். நிறம் இரண்டு. திறந்த கம்பியில் வெண்கல மணிபோலப் பளிச்சென்று வருகிறது, அழுத்திய கம்பியில் கொஞ்சம் அடங்கி, மரத்தின் வாசனையோடு வருவதுபோல வருகிறது. அந்த இரண்டும் வேகமாக மாறும்போது ஒரு மின்னல் ஓடுகிறது பாருங்கள், அதைக் கேட்டதும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் கசெட்டில் இந்த இடம் ஒரு வண்டு ரீங்காரம் போடுவதுபோல ஒற்றைச் சத்தமாகத்தான் இருந்தது. இரண்டு கம்பி என்றே தெரியாது. இரண்டு நிறம் என்றும் தெரியாது.

அப்புறம் அந்த ஓட்டத்துக்கு மேல் நம்முடைய வயலின் வந்து சேர்கிறது. வழுக்கிக்கொண்டு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்துகொண்டு, கமகத்தோடு. கீழே ஒன்று படிப்படியாக ஓடுகிறது, மேலே ஒன்று காற்றில் மிதக்கிறது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. வில் கம்பியைப் பிடிக்கும் அந்த முதல் கணத்து உரசல்கூடக் கேட்கிறது. இந்தத் தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். சினிமாப் பாட்டுகளின் பின்னணியில் எத்தனையோ ஆயிரம் தடவை இந்தக் கையின் வாசிப்பைக் கேட்டிருப்போம், பெயர் தெரியாமல். இங்கே அவர் மூச்செடுப்பதற்கு இடம் விட்டு ராஜா எழுதியிருக்கிறார்.

இந்தத் தொகுப்பை ராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். பாக் இறந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். பதினேழு வருச இடைவெளி. ஒருவர் ஜெர்மனியில் வாழ்ந்தவர், மற்றவர் திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்தவர். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேள்விப்பட வழியே இல்லை. பண்ணைப்புரத்தில் பிறந்த ஒருவர் 1986இல் அந்த இரண்டு பேரையும் தன் வீட்டில் உட்கார வைத்துப் பேச வைத்திருக்கிறார். ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்று இன்னொரு துண்டுக்குப் பெயர் வைத்திருக்கிறாரே, அந்தப் பெயரிலேயே எவ்வளவு மரியாதை! எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல ஒலி என்றால் லட்சக்கணக்கில் செலவு என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியில்லை என்பதுதான் என் கருத்து. சாதாரண சீடியே போதும். அதில் ஒவ்வொரு செக்கனுக்கும் 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது, ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஒன்று. மனிதக் காது இளமையில் கேட்கக்கூடிய உச்சம் 20,000 ஹேர்ட்ஸ் என்பார்கள், சீடி அதற்கும் கொஞ்சம் மேலே வரை தாங்கும். ஐம்பதை நெருங்கும் என் காதுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் என்று இன்னும் பெரிய இலக்கங்கள் போட்டு விற்பதற்கெல்லாம் நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

ஆனால் சீடியில் செக்கனுக்கு 1,411 கிலோபிட் இருக்கும் இசையை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கும்போது பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். காதுக்கு எப்படியும் எட்டாது என்று கணக்குப் பார்த்துத்தான் எம்பி3 ஒலிகளைக் கழிக்கிறது, அது கெட்டிக்காரத்தனமான வேலைதான். கூடிய பிட்டில் செய்தால் எனக்கே வித்தியாசம் பிடிபடுவதில்லை. 128இல், அதுவும் ஒரு தடவை சுருக்கியதை மறுபடி சுருக்கி, அங்கிருந்து இறக்கி இங்கே ஏற்றி, கடைசியில் புளூடூத்தில் அனுப்பும்போதுதான் கணக்கு பிழைக்கிறது. முதலில் போவது வில்லின் உரசல், கம்பி அடங்கும் வால், சுற்றியிருக்கும் காற்று. ஃபிளாக் அப்படிக் கழிப்பதில்லை, மடித்து வைத்த துணிபோல விரித்தால் முழுதாக வரும். இடம் மட்டும் கூடுதலாக எடுக்கும். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பதே மலைக்கு மலை மாறும் என்பதால் நான் ஹட்டன் டவுனுக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

நீங்களும் ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

“அந்தக் காலத்தில் ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் கேட்டுத்தானே அழுதோம், சிரித்தோம்?” என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். உண்மைதான், நானும் அழுதிருக்கிறேன். இலங்கை வானொலியில் வந்த பாட்டுகளால்தான் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தமிழ் உச்சரிப்பே பழகினார்கள். மனிதக் குரல் ஒரு சின்னப் பெட்டிக்குள் நன்றாக அடங்கும். பாட்டுக்குச் சொல் இருக்கிறது, சொல் காதில் விழுந்தால் மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்ளும். சொல்லே இல்லாத இசைக்கு அந்த உதவி கிடையாது. அதன் நிறமும் நிசப்தமும்தான் அதன் சொல். அவை போனால் எதைக் கொண்டு நிரப்புவது?

இதை யோசிக்க யோசிக்க எனக்கு நம்முடைய தப்பு மேளம் ஞாபகம் வந்தது. மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து தொடங்கும்போது தப்பை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவார்கள். ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறுகையில் மெல்லிய நீளக் குச்சி. குட்டைக் குச்சி நெஞ்சில் விழும், நீளக் குச்சி ‘சுளீர்’ என்று காதைத் தொட்டுப் போகும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த அடி. போன வருசக் கூத்தை நான் போனில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். இந்த ஹெட்போனில் அதை மறுபடி போட்டுக் கேட்டேன். ‘டப் டப்’ என்று ஒரு பெட்டியைத் தட்டுவதுபோல இருக்கிறது. பேச்சுக்கென்று செய்த போன் மைக், திடீரென்று எழும் சத்தத்தை அமுக்கிவிடுகிறது. நீளக் குச்சி இருந்த இடமே தெரியவில்லை.

2023இல், நம் முன்னோர் இந்த மலைக்கு வந்து இருநூறு வருசம் என்பதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அப்போதும் எத்தனை பேர் பாட்டும் தப்பும் போனில் பிடித்தோம்! வெளிநாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் நாளைக்கு அதைக் கேட்டுவிட்டு, தப்பு என்றால் இவ்வளவுதானா என்று ஒதுக்கிவிட்டால் யாரைக் குறை சொல்வது? நானே ஒரு கசெட்டை நம்பி அப்படித்தானே ஒதுக்கினேன். அடிப்பவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. ஊர் இளைஞர் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், வரும் மாசிக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கியாவது சுருக்காத கோப்பாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று. இரண்டு பிள்ளைகள் முன்வந்திருக்கிறார்கள். தப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி மைக்கை வைப்பது என்று பார்க்க, அடுத்த போயா (பௌர்ணமி) லீவில் ஒருவர் வீட்டு முற்றத்தில் அடித்துப் பார்க்கப்போகிறோம்.

போன ஞாயிறு மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். கொழும்பு வேலையெல்லாம் விட்டுத் தோட்டத்தோடு வந்து பல வருசமாகிறது. அந்தக் கசெட் இன்னும் அவர் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் செட் இல்லை. அவரை இஸ்தோப்பில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பாக்கின் துண்டைப் போட்டேன். முதலில் காதில் ஏதோ கடிக்கிறது என்று சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு கை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வெளியே அடுத்த வீட்டுக் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன, அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

பாதியில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தூக்கி, “மருமகனே, இது ரெண்டு வயலினாடா?” என்று கேட்டார்.

“ஆமா மாமா.”

“நான் இவ்வளவு நாளும் ஒண்ணுன்னு நெனச்சேன்” என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டார். முடிந்ததும், முதலிலிருந்து போடச் சொன்னார்.