அயலட்டையோடு நம் விசுவாசத்தைப் பேசுதல்

யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கென்று தனியாக ஒரு நேரம் வைத்துக்கொள்வதில்லை. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தியைச் சொல்லும்போதே “எல்லாம் நல்லூரான் செயல்” என்று நல்லூர் முருகனையும் சேர்த்துச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை சாப்பிட அழைத்தால் விரதம் என்பதைக் கூச்சமின்றிச் சொல்வார்கள். கொழும்புக்குப் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று கும்பிட்ட பிறகே நகரும். இவற்றைப் பிரசாரம் என்று எவரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து பிரிக்க முடியாத பேச்சு.

வேதக்காரர் என்று ஊரில் அழைக்கப்படும் கிறிஸ்தவர்களாகிய நாம் அப்படிப் பேசுகிறோமா? பரம்பரையாகத் தென்னிந்தியத் திருச்சபையிலோ மெதடிஸ்த திருச்சபையிலோ வளர்ந்த பலர், ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று நன்றி சொன்ன அதே காரியத்தைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் “ஏதோ நல்ல காலம்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெருவில் நின்று, அர்ச்சனைத் தட்டோடு போகிறவரின் கையில் துண்டுப்பிரசுரத்தைத் திணிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. வாயை மூடிக்கொள்பவர்களும் தெருவில் நின்று கூவுபவர்களும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. விசுவாசத்தை அன்றாடப் பேச்சிலிருந்து வெட்டி எடுத்து, ஒரு சாரார் ஆலயத்துக்குள் பூட்டிவைக்கிறார்கள், மற்றவர்கள் ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் பேச்சை அயலவர்கள் சந்தேகப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையிலும் 1824 இல் உடுவிலிலும் அவர்கள் தொடங்கிய கல்விப்பணியின் பயனை இன்றுவரை எல்லாச் சமயத்தவரும் அனுபவிக்கிறோம். ஆனால் அந்தக் கல்வியோடு சைவத்தை இழித்துரைக்கும் பேச்சும் சேர்ந்து வந்தது. மெதடிஸ்த மிஷனரியான பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் உதவிய சைவ அறிஞர் ஆறுமுக நாவலரே, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, 1854 இல் சைவத்தின் மீதான பழிப்புகளுக்கு மறுப்பாக ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற நூலை வெளியிட்டார். நம்முடைய வேதத்தை அவ்வளவு அருகிலிருந்து படித்த ஒருவர் ஏன் அப்படி எழுத நேர்ந்தது என்பதை நமது சபைகளில் நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. பிற்காலத்தில், போரினாலும் ஆழிப்பேரலையினாலும் எல்லாம் இழந்து நின்ற மக்களிடம் நிவாரணத்தோடு சபை அழைப்பையும் நீட்டியவர்களால் அந்தக் காயம் மேலும் ஆழமாயிற்று.

ஆகவே எப்படிப் பேசுவது என்று கேட்கும் இளையோருக்கு நான் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தையே காட்டுகிறேன். நடுப்பகலில் சமாரியாவின் ஒரு கிணற்றடியில் இயேசு களைத்துப்போய் அமர்ந்திருக்கிறார். மொள்ளப் பாத்திரம்கூட அவரிடம் இல்லை. அங்கே வந்த பெண்ணிடம் அவர் முதலில் சொன்னது உபதேசம் அன்று. குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. ஆதலால் என்னிடம் நீர் எப்படிக் கேட்கலாம் என்று அவளே வியக்கிறாள். யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் ஊற்றலாம் என்று சாதி பார்த்து வகுத்த ஊர் இது. வேதக்காரர் வீடுகளும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. கொடுப்பவராக வராமல் கேட்பவராக வந்து, அவள் கையால் வாங்கிக் குடிக்க ஆயத்தமாக இருந்தமையால்தான் அங்கே பேச்சே தொடங்கியது. அயலவர் வீட்டுப் பொங்கலை வாங்கி உண்ணத் தயங்குகிற நாம், நம்முடைய நத்தார் கேக்கோடு சுவிசேஷத்தையும் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, சாவகச்சேரியில் ஒரே கூரையின் கீழ் எங்கள் குடும்பமும் ஒரு சைவக் குடும்பமும் இருந்தோம். இருந்ததைப் பகிர்ந்து உண்பதற்கு முன் என் அம்மா வழக்கம்போலக் கண்மூடி மன்றாடுவார். அவர்களும் அதுவரை கை வைக்காமல் காத்திருப்பார்கள். ஒருநாள் அந்த வீட்டு அக்கா, “அப்பிடி என்னதான் சொல்லுறனீங்கள்?” என்று கேட்டார். “வீட்ட திரும்பிப் போகவேணும் எண்டு கேக்கிறன். உங்கட பிள்ளையளின்ர பேரையும் சொல்லித்தான் கேக்கிறனான்” என்றார் அம்மா. அதன்பிறகு அந்த அக்கா பல கேள்விகள் கேட்டார், அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவர் பாடிய தேவாரங்களை அம்மாவும் இருந்து கேட்டார். அவர்கள் இன்றும் சைவர்கள்தான். அம்மா தம் விசுவாசத்தைப் பகிர்ந்தார் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

நான் நம்புகிற கிறிஸ்துவை என் அயலவரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. உங்களில் இருக்கும் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியதில், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் கேட்கக்கூடிய அளவுக்கு நம் வாழ்வு கண்முன்னே இருக்க வேண்டும். மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். ஆசிரியர் மாணவனிடமும், மருத்துவர் நோயாளியிடமும், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடமும் பேசும்போது அந்தச் சுதந்திரம் பெரும்பாலும் இருப்பதில்லை. செத்தவீட்டில் வாய்விட்டு அழுகிறவருக்கும் அது இல்லை. அங்கே கதிரை இழுத்துப் போடுவதும் தேத்தண்ணி கொடுப்பதும் போதும்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கிற ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால், சைவத் தாய் ஒருத்தி நம் படலையில் வந்து நின்று, “உங்கட கோயிலிலையும் ஒருக்கால் மன்றாடச் சொல்லுங்கோ” என்பாள். உடனே சபைக்கு வரும்படி அவளை அழைக்காமல், அவள் சம்மதித்தால் அங்கேயே பிள்ளையின் பெயரைச் சொல்லி எளிய தமிழில் மன்றாடுங்கள். மறுநாள் ஆசுபத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை தேறாவிட்டாலும் போவதை நிறுத்தாதீர்கள். ஏன் சுகமாகவில்லை என்று அவள் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். தேறிவிட்டால், அதைச் சாட்சியாகச் சபையில் எழுந்து சொல்வதற்கு முன் அந்தத் தாயிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.